ரேடியோ நெல்லும் சாம்பிள் சைஸும்

மார்ச் மாதம் வந்தால் என் மேஜைமேல் ரெக்சின் அட்டைகள் ஏறிவிடும். கருநீலம், மெரூன், பச்சை. பைண்டிங் கடைக்காரரிடம் என்ன நிறம் மிச்சமிருக்கிறதோ அதுதான் அந்த வருடத்து ஆய்வின் நிறம். மேலே பொன்னிற எழுத்தில் தலைப்பு இருக்கும். தலைப்பைப் படிக்காமலே சொல்லிவிடுவேன்: “கல்லூரி மாணவர்களிடையே சமூக ஊடகங்களின் தாக்கம் – ஓர் ஆய்வு.” போன வருடமும் அதுதான், அதற்கு முந்தின வருடமும் அதுதான். மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறும். முன்பெல்லாம் முதல் வரி “ஊடகம் ஜனநாயகத்தின் நான்காவது தூண்” என்று ஆரம்பிக்கும். இப்போது சாட்ஜிபிடி வந்தபிறகு “இன்றைய டிஜிட்டல் யுகத்தில்” என்று ஆரம்பிக்கிறது. அதை முன்னேற்றம் என்று சொல்ல மனம் வரவில்லை.

காவிரிக் கடைமடையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இதழியலும் தகவல் தொடர்பியலும் சொல்லித்தருகிறேன். கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பதவிப் பெயரிலேயே இருப்பதால் சம்பளத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இறுதியாண்டில் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வேடு தரவேண்டும், கூடவே ஒரு படைப்பு: குறும்படம், ஒலிச்சித்திரம், புகைப்படத் தொகுப்பு, எது முடியுமோ அது. ஆய்வுக்கு ஒரு மதிப்பெண், படைப்புக்கு ஒரு மதிப்பெண். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கவேண்டும் என்று பாடத்திட்டத்தில் எங்கும் எழுதவில்லை. பிள்ளைகளும் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு, ஆய்வில் ஃபேஸ்புக்கையும் குறும்படத்தில் காதல் தோல்வியையும் வைத்துவிடுவார்கள்.

அவர்களைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் எம்ஃபில்லுக்குச் செய்தித்தாள் வாசிக்கும் பழக்கம் பற்றி 100 படிவம் கொடுத்தேன். 72 திரும்பி வந்தது. வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கையில், கும்பகோணம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து மிச்சம் 28 படிவத்தையும் நானே நிரப்பினேன். இரண்டு பேனா மாற்றினேன், சிலதை இடது கையால் டிக் செய்தேன். அதில் ஒருவரை 61 வயது ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக்கி, அவருக்குத் தலையங்கம் மட்டும் பிடிக்கும் என்று முடிவுசெய்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. 2022 நவம்பரில் யுஜிசி புது விதிமுறை கொண்டுவந்து எம்ஃபில் படிப்பையே நிறுத்திவிட்டது. என் 28 படிவங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றே நம்புகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு மாணவி, பண்பலை வானொலி கேட்கும் பழக்கம் என்று தலைப்புக் கொண்டுவந்தாள். ஒரு வாரம் கழித்து வந்து நின்றாள்.

“மேம், எங்க ஊர்ல யாருமே ரேடியோ கேக்குறதில்ல. எல்லாரும் ‘இல்லை’ன்னே டிக் பண்ணிட்டா ரிசல்ட் வருமா?”

“வரும். முடிவுன்னு எழுதுற அஞ்சாவது சேப்டர்தான் வராது” என்றேன்.

அப்போதுதான் பேச்சுவாக்கில் அவளிடம் ரேடியோ நெல் பற்றிச் சொன்னேன். வளர்ச்சித் தொடர்பியல் படித்த யாருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. 1960களில் நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த சில மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சாவூரில் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது. அன்றைய தஞ்சாவூர் மாவட்டம் என்றால் இன்றைய திருவாரூரும் நாகப்பட்டினமும் மயிலாடுதுறையும் சேர்ந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏடிடி 27 என்ற ரகம் வெளிவந்தது. ஜப்பானிய நோரின் 10ஐ நம்மூர் ஜிஇபி 24 உடன் ஒட்டுச்சேர்த்த நெல். 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும், அதனால் குறுகிய காலப் போகமான குறுவைக்குத் தோதானது. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் நாற்றங்காலிலிருந்து உரம் வரைக்கும் இதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தன. ஏடிடி என்பதெல்லாம் வாயில் நுழையாத ஜனம் அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வைத்துவிட்டது. ஒரு தகவல் தொடர்பு முயற்சி ஒரு பயிருக்கே பெயராக நின்றது என்பதால் பாடப்புத்தகங்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். பல வருடமாக இதை வகுப்பில் சொல்லி, “பாத்தீங்களா, நம்ம ஊரு!” என்று கையைத் தட்டியிருக்கிறேன்.

அந்தப் பெண் கையைத் தட்டவில்லை. வீட்டுக்குப் போய் அவளுடைய அப்பாயியிடம், அதாவது அப்பாவின் அம்மாவிடம் கேட்டாள். அப்பாயி பத்து வயதிலேயே நடவுக்கு இறங்கியவர். பத்து நாள் கழித்துப் போனில் ஒலிப்பதிவோடு வந்தாள். ஊழியர் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

“ரேடியோ நெல்லா? தெரியுமே. நட்டிருக்கேன்.”

“ரேடியோல கேட்டியா அப்பாயி?”

“நாங்க எங்க கேட்டோம்? ரேடியோ பஞ்சாயத்து ஆபீஸ்ல இருந்துச்சு. அது ஊர்த்தெரு. அங்க போயி நாம உக்கார முடியுமா? சாயங்காலம் பாடும். காத்து இந்தப் பக்கம் அடிச்சா பாட்டு கேக்கும். பேச்சு கேக்காது.”

“அப்பறம் பேரு எப்படித் தெரியும்?”

“பண்ணையில சொல்லுவாங்க. ரேடியோ நெல்லு நாத்து பறிக்கணும், வெள்ளன வந்துருங்கன்னு.”

அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி போடச் சொன்னேன். காற்று அடித்தால் பாட்டு கேட்கும், பேச்சு கேட்காது. நாற்று முடியைக் கையில் வாங்கி முதுகு ஒடிய நட்ட பெண்ணுக்கு, அந்த நெல்லின் பெயர் ஒலிபரப்பிலிருந்து வரவில்லை. வேலைக்கு அழைத்த வாயிலிருந்து வந்தது. “விவசாயிகள் இதற்கு ரேடியோ நெல் என்று பெயரிட்டார்கள்” என்று நான் வருடாவருடம் சொன்ன வாக்கியத்தில் விவசாயி என்றால் யார் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வரப்பில் நிற்பவர் விவசாயி. சேற்றில் நிற்பவர் நடவு ஆள். செய்தி முதலாமவருக்குப் போனதா என்பதைத்தான் அந்தக் காலத்து அளவுகோல் அளந்தது.

இன்னும் கொஞ்ச நேரம் ஓடியபிறகு பேத்தி கேட்கிறாள், விளைச்சல் கூடுதலா வந்துச்சா என்று.

“வந்துச்சு. போர் பெருசாச்சு. மரக்கால் பெருசாகல.”

போர் என்றது களத்து நெற்போரை. மரக்கால் என்றது கூலி நெல்லை அளந்து போடும் மரக்காலை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்ததும் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட சண்டைதான். ரேடியோ நெல்லும் வெண்மணியும் ஒரே மாவட்டத்தில், ஒரே பத்தாண்டில் நடந்தவை. ஆனால் ஒன்று எங்கள் துறையின் பாடத்திட்டத்தில் இருக்கிறது, மற்றொன்று வரலாற்றுத் துறையில். நடுவில் ஒரு தாழ்வாரம்.

படைப்பாக 11 நிமிடத்துக்கு ஓர் ஒலிச்சித்திரம் செய்கிறேன் என்றாள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஆய்வேட்டைவிட இதில்தான் அவள் ஆய்வு செய்தாள்.

முதல் சிக்கல் தண்ணீர். வாய்க்கால் மதகில் தண்ணீர் விழும் சத்தம் வேண்டும். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28இல் அடைத்துவிடுவார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது பொங்கல் கழிந்த வாரம். “அடைக்கிறதுக்குள்ள எடுத்துரணும் மேம்” என்று ஓடினாள். டெல்டாவில் மட்டும்தான் ஒரு ஒலிப்பதிவுக்குப் நீர்வளத் துறையின் நாட்காட்டியைப் பார்க்கவேண்டியிருக்கும். மதகடியில் அப்பாயியை உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவுசெய்தாள். தூரத்தில் சம்பா அறுக்கும் இயந்திரம், ஒரு மயில், பின்னால் தண்ணீர்.

பிறகு ஓர் இலவசச் செயலியில் போட்டு ‘இரைச்சல் நீக்கு’ என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறாள். மறுநாள் காலை முகம் தொங்கிப்போய் வந்தாள். கேட்டேன். அறுவடை இயந்திரம் போயிருந்தது, சரி. தண்ணீரும் போயிருந்தது. தண்ணீர் போன இடத்தில் அப்பாயியின் குரல் பித்தளைக் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருந்தது. மென்பொருளுக்கு மதகுத் தண்ணீரும் ஒன்றுதான், மிக்ஸி சத்தமும் ஒன்றுதான். மூலப்பதிவை அழிக்காமல் வைத்திருந்தாள், பிழைத்தோம். இரைச்சலோடே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

இரண்டாவது சிக்கல் பெரியது. பஞ்சாயத்து ரேடியோவை எப்படிக் கேட்கவைப்பது? பழைய ஒலிபரப்பின் பதிவு எங்களிடம் கிடையாது. நான், யாரையாவது வானொலிக் குரலில் படிக்கவைத்துக் கொஞ்சம் கரகரப்புச் சேர்த்துவிடு என்றேன். குறும்படங்களில் அப்படித்தான் செய்வார்கள். அவள் மறுநாள் வேறு யோசனையோடு வந்தாள். ஊரில் மைக்செட் வைத்திருக்கும் அண்ணனிடம் பழைய கூம்புக் குழாய் ஒன்று பரணில் கிடந்தது. அதை இறக்கித் துடைத்துப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் பக்கத்து வேப்பமரத்தில் கட்டினார்கள். நாற்றங்கால் பற்றி அவளே ஒரு பேச்சு எழுதினாள். அவள் தம்பி அதை மைக்கில் படித்தான், நடுவில் நாதஸ்வரம் போட்டார்கள். அவள் போனை எடுத்துக்கொண்டு தங்கள் தெருவுக்கு வந்து, அப்பாயி அந்தக் காலத்தில் உட்கார்ந்திருந்த இடம் எது என்று கேட்டு, அங்கே உட்கார்ந்து பதிவுசெய்தாள்.

நாதஸ்வரம் வந்தது. பேச்சு வரவில்லை. ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். இடையில் “நாற்று” என்று ஒரு சொல் காற்றில் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறது. ஒலிச்சித்திரத்தில் 40 விநாடி அப்படியே விட்டிருக்கிறாள். கேட்பவன் காதைக் கிட்டக் கொண்டுபோவான், ஒன்றும் கிடைக்காது. எனக்குத் தெரிந்த எந்தக் கோட்பாட்டு நூலும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அதே வருடம் இன்னொரு பையன். அவன் ஆய்வைப் பற்றி நியாயமாகத் தனிப்பதிவு எழுதவேண்டும், இங்கே கொஞ்சம்தான் சொல்கிறேன். மாதம் ஒருமுறை ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டம் நடக்குமே, அங்கே அப்பாவோடு மூன்று மாதம் போய் உட்கார்ந்து, யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று குறிப்பெடுத்தான். அவன் தலைப்பு சொல்வன்மை. சங்கத் தலைவர்கள் வணக்கத்துக்கே ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறார்கள். கடைமடையிலிருந்து வந்தவர் கிளை வாய்க்கால் பெயரைச் சொல்லி, எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். ஒரு பெரியவர் பேசவே இல்லையாம். பாலிதீன் பையிலிருந்து முளைவிட்ட நெல்லை மேஜைமேல் கொட்டிவிட்டு, “கொள்முதல்ல 17 சதவீதத்துக்கு மேல ஈரப்பதம்னு திருப்பி அனுப்புனாங்க. ரோட்டுல கிடந்து மழையில நனைஞ்சு நாத்தாவே வந்துருச்சு. இப்ப எவ்வளவுன்னு அளந்து சொல்லுங்கய்யா” என்றிருக்கிறார். அரங்கில் அரை நிமிடம் பேச்சே இல்லையாம்.

பையன் இதை அரிஸ்டாட்டிலின் மூன்று வழிகளில் எதில் போடுவது என்று குழம்பினான். பேசுபவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம். மூன்றிலும் போடலாம், மூன்றிலும் அடங்காது. நான் அவனுக்குக் குறளில் அவையறிதல் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது என்ற ஆட்டம் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அந்த ஒரே அதிகாரத்தில் இரண்டு உவமை இருக்கிறது. உணர்கிறவர் முன் பேசுவது, வளரும் பயிரின் பாத்தியில் நீர் பாய்ச்சுவது போல. நம்மவர் அல்லாதவர் முன் பேசுவது, அங்கணத்தில், அதாவது சாக்கடையில், அமிழ்தத்தைக் கொட்டுவது போல. அரிஸ்டாட்டில் பேசுகிறவனுக்குக் கருவிகளைக் கொடுக்கிறார். இங்கே கேள்வி, கேட்கும் அவை பாத்தியா சாக்கடையா என்பது. பையன் சிரித்துவிட்டு, “அந்த ஹால் ரெண்டும்தான் மேம், நாற்காலியைப் பொறுத்து” என்றான். கூடவே, யார் எங்கே உட்கார்கிறார்கள், மைக் எந்த வரிசையோடு நின்றுவிடுகிறது என்று அரங்கத்தின் வரைபடம் ஒன்று போட்டான். அதுதான் அவன் படைப்பு. ஆய்வேட்டின் நான்காம் இயலில் மட்டும், தேர்வாளருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூன்று கட்டத்துக்குள் திணித்துக் கெடுத்துவிட்டான். நானும் தடுக்கவில்லை.

இந்த மண்ணுக்கு அறிவிப்பும் வாதமும் புதிதில்லை என்று அவனுக்குச் சொல்வதற்காக மணிமேகலையின் விழாவறை காதையையும் காட்டினேன். காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திர விழாவுக்கு யானைமேல் முரசை ஏற்றி அறிவிக்கிறார்கள். சமயவாதிகளே, பட்டிமண்டபத்தின் முறை அறிந்து ஏறுங்கள் என்று அதில் ஒரு வரி. பகைவரோடுகூடச் சண்டையிடாமல் விலகிப்போங்கள் என்றும் வருகிறது. அவனுக்கு யானைதான் பிடித்தது. “இப்ப ஆட்டோ மேம்” என்றான். அவன் சொன்னதும் சரிதான், துக்கச் செய்தியிலிருந்து துணிக்கடைத் தள்ளுபடி வரை எங்கள் தெருக்களில் ஆட்டோதான் யானை.

வைவா ஏப்ரலில் நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நல்ல மனிதர், வெயிலில் பஸ் பிடித்து வந்திருந்தார். அந்தப் பெண்ணின் மெரூன் அட்டையைப் புரட்டினார். அட்டவணை எதுவும் இல்லை. பை வரைபடம் இல்லை. மறுபடி முன்பக்கத்துக்கு வந்தார்.

“சாம்பிள் சைஸ் எவ்வளவும்மா?”

“ஒருத்தர் சார்.”

“ஒருத்தரா?”

“எங்க அப்பாயி சார்.”

பின்வரிசையில் சிரிப்பு. தேர்வாளர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவரை வைத்துப் பொதுமைப்படுத்த முடியாதே என்றார். அவர் கேட்டது தப்பில்லை. முறையியலில் அது நியாயமான கேள்விதான். இவள் பொதுமைப்படுத்தவில்லை, ஒரு பொதுமைப்படுத்தலைக் கேள்வி கேட்கிறாள் என்று நான் குறுக்கே புகுந்து சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அடுத்த வருட நியமன ஆர்டர் நினைவுக்கு வந்தது, விழுங்கிவிட்டேன். அவளே சொன்னாள், “ஆடியோ கேளுங்க சார், 11 நிமிஷம்தான்.”

போட்டோம். அறையில் புளூடூத் பெட்டி ஒன்று, மேலே மின்விசிறி. மதகுத் தண்ணீர் வந்தது, அப்பாயி வந்தார், மயில் வந்தது. நாதஸ்வரம் முடிந்து அந்த 40 விநாடி வந்தபோது தேர்வாளர் முன்னால் சாய்ந்தார்.

“வால்யூம் கொஞ்சம் கூட்டுங்க.”

“கூட்டுனாலும் கேக்காது சார். அப்படித்தான் வச்சிருக்கேன்.”

அவர் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. தாளில் ஏதோ எழுதினார். மதிப்பெண் வந்தபோது பார்த்தேன், சமூக ஊடகத் தாக்கம் செய்த பையனைவிட ஆய்வேட்டில் நான்கு குறைவு, படைப்பில் ஆறு கூடுதல். ஆகமொத்தம் இரண்டு லாபம் என்று வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேர்வெல்லாம் முடிந்து மே மாதத்தில் ஒருநாள், மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவள் என் அறைக்கு வந்தாள். அப்பாயிக்குப் போட்டுக் காட்டினாயா என்று கேட்டேன். காட்டினாளாம். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கேட்டார்களாம், தெருப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்களாம். முதலில் தன் குரலைக் கேட்டு, “யாரு இந்தக் கிழவி?” என்றாராம் அப்பாயி. கூம்புக் குழாய்ப் பகுதி வந்ததும் தலையை அந்தப் பக்கம் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “பாரு, இப்பவும் பேச்சு கேக்கல” என்றாராம்.

அதற்குள் எதிர்வீட்டு அம்மா குறுக்கிட்டுவிட்டாராம். நீ நட்டது ரேடியோ நெல்லே இல்லை, அது ஐயாரெட்டு (ஐஆர் 8 ரகம்), ரேடியோ நெல் அதற்கு முந்தி வந்தது, எனக்குத் தெரியாதா என்று. அப்பாயி விடவில்லை. எந்த வயல், எந்தப் பண்ணை, யார் கல்யாணத்துக்கு முந்தின போகம் என்று இருவரும் இருட்டும்வரை அடித்துக்கொண்டார்களாம். சாம்பிள் சைஸ் இரண்டானதுமே இப்படி.

“அதப் பதிவு பண்ணியா?” என்று கேட்டேன்.

“போன்ல சார்ஜ் இல்ல மேம்” என்றாள்.